கத்தி எங்கே விழ வேண்டும்? தெற்கு டெக்சஸில் பெயோட்டி மருந்தை மீட்கும் முயற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் என்ற வழிபாட்டு அமைப்பைச் சேர்ந்த அமெரிக்கப் பழங்குடிகள் ‘மருந்து’ என்று சொன்னால் அது பெயோட்டியைத்தான். முள் இல்லாமல், நீலப்பச்சை நிறத்தில், தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் சின்னக் கள்ளி அது; உண்டால் மனநிலையை மாற்றும். தாவரவியல் பெயர் லோஃபோஃபோரா வில்லியம்சியை. இதன் பெரும்பரப்பு மெக்சிகோவில் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் அறுவடை நடக்கும் அளவுக்கு வளர்வது டெக்சஸின் தென்கோடியில் ஸ்டார், ஜிம் ஹாக், வெப், சபாட்டா ஆகிய மாவட்டங்களின் முட்புதர்க் காடுகளில் மட்டும்தான். இதை வைத்து வழிபடுகிறவர்களோ ஓக்லஹோமாவிலும் அரிசோனாவிலும் தெற்கு டகோட்டாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மக்களின் போராட்டம் சட்டத்தோடுதான் நடந்தது: மருந்தை உண்ண உரிமை உண்டா, இல்லையா? உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் செடி முளைக்கிற நிலம் ஒரு பிடிகூட அவர்கள் கையில் இருக்கவில்லை. 2017க்குப் பிறகு சமயத் தலைவர்கள் சிலர் கவனத்தை நிலத்தின் பக்கமும், செடியின் மேல் கத்தி விழும் இடத்தின் பக்கமும் திருப்பினார்கள். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

க்வானா பார்க்கரிலிருந்து தொடங்க வேண்டும்

டெக்சஸ் குகைகளில் கிடைத்த உலர்ந்த பெயோட்டிகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்ததில் சுமார் 5,700 ஆண்டு வயது தெரிந்தது. மெக்சிகோவில் ஸ்பானிய மத விசாரணை மன்றம் 1620-லேயே இதற்குத் தடை போட்டது. அந்தத் தடையையும் மீறி அந்நாட்டுப் பழங்குடிகளான விச்சாரிக்கா மக்களின் பெயோட்டி யாத்திரை இன்றுவரை நடக்கிறது. அது வேறு மரபு. இங்கே பேசப்படும் சர்ச் வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், தோற்றுப்போன சமவெளிப் பழங்குடிகள் ஓக்லஹோமாவின் ஒதுக்கு நிலங்களில் அடைக்கப்பட்ட பிறகு உருவானது.

கொமாஞ்சிகளின் தலைவர் க்வானா பார்க்கர் 1875-ல் ஃபோர்ட் சில் கோட்டையில் சரணடைந்தவர். பின்னாளில் கடும் நோயில் கிடந்தபோது பெயோட்டியால் எழுந்தார் என்பது மரபுச் செய்தி. அதன் பிறகு அவரே சடங்கை நடத்தும் குருவானார். ‘அரைநிலா’ எனப்படும் சடங்கு முறை பல இனங்களுக்குப் பரவியதில் அவர் பங்கு பெரிது. அது எளிதான காலமல்ல. 1883-ல் வந்த ‘இந்தியக் குற்றங்கள்’ (பழங்குடிகளை அன்று ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள்) விதித் தொகுப்பு பழங்குடி மருத்துவர்களின் சடங்குகளையே தண்டனைக்குரியதாக்கி இருந்தது. பார்க்கரோ அதே விதிகளின்படி நடந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார்! ஓக்லஹோமா மாநிலமாக உருவான சமயத்தில் அதன் அரசியல் சாசனப் பேரவையினர் முன் போய்ப் பெயோட்டிக்காகப் பேசினார்; பழைய தடைச் சட்டம் 1908-ல் விலக்கப்பட்டது. 1911-ல் அவர் காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1918 அக்டோபரில், நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் ஓக்லஹோமாவில் சட்டப்படி பதிவானது. சர்ச் என்ற பெயரை வைத்துக்கொண்டால் அமெரிக்க அரசியல் சாசனத்தின் மத உரிமைப் பாதுகாப்புக்குள் வந்துவிடலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. நல்ல கணக்குதான்.

பரவலுக்கு ரயிலும் ஒரு காரணம். 1881-ல் லாரெடோ நகரத்துக்கு ரயில் வந்தது. உலர்த்திய பெயோட்டித் தலைகளை மூட்டை கட்டி வடக்கே அனுப்புவது அதன் பிறகு சுலபமாயிற்று. ஆனால் மருந்து வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியதும், அது முளைக்கும் காட்டைப் பார்க்காமலே மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. இன்றைய சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது.

சடங்கும் நீர்ப்பறையும்

கூட்டம் பொழுது சாய்ந்த பிறகு கூம்புக் கூடாரத்தில் தொடங்கி மறுநாள் காலை வரை நடக்கும். நடுவில் நெருப்பு. அதை வளைத்தாற்போல் மண்ணால் பிறை வடிவ மேடை. அதன் உச்சியில் ஒரு பெயோட்டித் தலையை வைத்திருப்பார்கள். நடத்துபவர் ‘ரோடுமேன்’. அவரோடு பறையடிப்பவர், தேவதாருத் தூள் போட்டுப் புகை எழுப்புபவர், நெருப்பைக் கவனிப்பவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. நள்ளிரவில் ஒருமுறை தண்ணீர் உள்ளே வரும். விடியலில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து பிரார்த்தனை செய்வார். பிறகு சோளம், இறைச்சி, பழம். நோய், துக்கம், குடிப்பழக்கம் இவற்றிலிருந்து மீள்வதற்காகவே பெரும்பாலான கூட்டங்கள் கூட்டப்படுகின்றன.

பறையைக் கட்டுவது தனி வேலை. சின்ன உலோகப் பானையில் பாதி வரை தண்ணீர் விட்டு, சில கரித்துண்டுகளைப் போட்டு, ஊறவைத்த மான்தோலை வாயில் போர்த்துவார்கள். தோலின் ஓரத்தில் ஏழு கூழாங்கற்களை அல்லது கோலிக்குண்டுகளை உள்ளிருந்து முடிச்சாகப் பிதுக்கி வைத்து, ஒரே நீளக் கயிற்றை முடிச்சுக்கு முடிச்சு, பானையின் அடிவழியாக இழுத்துக் கட்டினால் அடியில் நட்சத்திர வடிவம் விழும். கயிறு ஓரிடத்தில் தளர்ந்தாலும் தோல் ஒரு பக்கம் தொய்ந்து நாதம் கெடும். அடிக்கும்போது தோல் காய்ந்துவிடாமல் அவ்வப்போது பானையைச் சாய்த்து உள்ளிருக்கும் தண்ணீரால் நனைக்க வேண்டும். கட்டைவிரலைத் தோலில் அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். கூட்டம் முடிந்ததும் பறையை அவிழ்த்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். இதைக் கற்ற இளைஞர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். காட்டில் செடியைக் கண்டுபிடித்துச் சரியாக வெட்டக் கற்றவர்கள்தான் குறைந்து போனார்கள்.

செடியின் அமைப்பும் வெட்டும்

பெயோட்டியை மூன்று பகுதியாகப் பார்க்க வேண்டும். தரைக்கு மேலே தெரியும் பச்சைத் தலை. அதற்குக் கீழே, மண்ணுக்குள், பழுப்புப் பட்டை மூடிய தண்டு. அதற்கும் கீழே கேரட் போலத் தடித்த ஆணிவேர். தண்டுக்கும் வேருக்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒரே கிழங்காகத் தோன்றும். ஆனால் தண்டில் மொட்டுக் கண்கள் உண்டு, வேரில் கிடையாது. மறுபடி துளிர்ப்பது இந்தக் கண்களிலிருந்துதான்.

ஆகவே முறை இது. முதலில் தலையைச் சுற்றியுள்ள மண்ணையும் சருகையும் விரலால் ஒதுக்க வேண்டும். பச்சை முடிந்து பழுப்பு தொடங்கும் கோடு தெரியும். கத்தியைப் படுக்கை வசமாகப் பிடித்து, அந்தக் கோட்டில், நேர் குறுக்காக ஒரே வெட்டு. தண்டு முழுக்க மண்ணிலேயே நிற்க வேண்டும். வெட்டிய முகம் காய்ந்து தோல் கட்டும். ஈரம் தங்கினால் அழுகும். சில மாதங்களில் விளிம்பைச் சுற்றிச் சிறு குட்டித் தலைகள் எட்டிப் பார்க்கும். ஒற்றைத் தலையாக இருந்த செடி, கொத்துச் செடியாகிவிடும்.

தவறு எப்படி நடக்கிறது? மண்வெட்டியோ அகலமான வெட்டுக்கத்தியோ பிடித்து அவசரமாக ஒரு தள்ளுத் தள்ளினால் அலகு கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். தண்டு முழுவதும் தலையோடு வந்துவிட்டால் எஞ்சுவது கண்ணில்லாத வேர். அது மண்ணுக்குள்ளேயே மக்கிப் போகும். கூலி எண்ணிக்கைக்கு என்றால் இந்த அவசரம் இன்னும் கூடும். இவ்வளவுக்கும் அடியோடு எடுப்பதில் லாபம் எதுவும் இல்லை. ஆய்வகத்தில் அளந்து பார்த்ததில் செடியின் முக்கிய வேதிப்பொருள் தலையில் இருப்பதில் தண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும், வேரில் நூறில் ஒரு பங்கும்தான் இருந்தது. செடியைக் கொன்று எடுக்கும் பகுதி வெறும் எடை.

எட்டு ஆண்டுக் கணக்கு

வெட்டு சரியாக விழுந்தாலும் போதாது, காத்திருக்கவும் வேண்டும். இலை கிடையாது. உணவு தயாரிப்பது அந்தப் பச்சைத் தலை மட்டுமே. தலை போனதும் செடி கிழங்கில் சேர்த்து வைத்த இருப்பைச் செலவழித்துத்தான் புதுத் தலை விடுகிறது. இருப்பு நிரம்புவதற்குள் மறுபடி வெட்டினால் அடுத்த தளிர் இன்னும் சிறுக்கும். சில செடிகள் அதோடு முடிந்துவிடும்.

தாவரவியலாளர் மார்ட்டின் டெர்ரியும் குழுவினரும் 2008-ல் தெற்கு டெக்சஸில் ஒரு கள ஆய்வைத் தொடங்கினார்கள். வெட்டாமல் விட்டவை, ஒரே ஒருமுறை வெட்டியவை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்பட்டவை என்று செடிகளைப் பிரித்துத் தொடர்ந்து அளந்தார்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் வெட்டப்பட்டவை தேய்ந்துகொண்டே போயின. குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது அந்த ஆய்வின் முடிவு. விதையிலிருந்து வருவதென்றால் அறுவடைப் பருவத்துக்குச் சுமார் பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும்.

சந்தையோ எட்டு ஆண்டு பொறுப்பதில்லை. டெக்சஸ் அரசுக் கணக்கில் 1997-ல் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட தலைகள் விற்பனையாகின. அந்த உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். எண்ணிக்கையைவிட மோசமான செய்தி அளவில் இருக்கிறது. தலையின் குறுக்களவு பாதியானால் கனஅளவு எட்டில் ஒன்றாகிறது. முன்பு ஒரு பெரிய தலை செய்த வேலைக்கு இப்போது ஏழெட்டுச் சிறு தலைகள் தேவைப்படும். போதாக்குறைக்கு, முற்றாத மறுதளிர்களில் வேதிப்பொருள் முதிர்ந்த தலையைவிடக் குறைவு என்றும் ஒரு முதல்கட்ட ஆய்வு காட்டியது. சிறுத்துப் போனதால் அதிகம் வெட்டுகிறார்கள். அதிகம் வெட்டுவதால் இன்னும் சிறுக்கிறது. பூத்துக் காய்த்து விதை போடும் முன்பே தலை போய்விடுவதால் புதுச் செடி முளைப்பதும் நின்றுபோகிறது.

பூட்டிய வேலிகள்

டெக்சஸ் நிலத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியார் சொத்து. பெயோட்டி முளைக்கும் காடெல்லாம் மாட்டுப் பண்ணைகள்தாம். ‘பெயோட்டெரோ’ எனப்படும் உரிமம் பெற்ற வியாபாரிகள் பண்ணையாருக்குக் குத்தகை கொடுத்து உள்ளே போய் வெட்டி வருவார்கள். இவர்களில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். இந்தத் தொழிலைப் பல தலைமுறையாகச் செய்தவர்கள். மிராண்டோ சிட்டியின் அமாடா கார்தெனாஸ் அம்மையாரின் வீடு சர்ச் மக்களுக்குப் புண்ணியத் தலம் மாதிரி. தம் கணவரோடு இத்தொழிலில் இருந்த அவர், நூறு வயதைக் கண்டு 2005-ல் மறைந்தார். 1970களில் இருபதுக்கும் மேலிருந்த உரிமதாரர்கள் பிறகு மூன்று நான்கு பேராகக் குறைந்தார்கள்.

காரணம் வேலி. பெயோட்டிக் குத்தகையைவிட மான் வேட்டைக் குத்தகையில் வருமானம் அதிகம் என்பதால் பண்ணையார்கள் உயர வேலி போட்டுப் பூட்டுகிறார்கள். திறந்திருக்கும் சில பண்ணைகளிலேயே மறுபடி மறுபடி வெட்ட வேண்டியிருப்பதால் எட்டு ஆண்டுச் சுழற்சி அங்கே இரண்டாகச் சுருங்குகிறது. கள்ள அறுவடைக்காரன் வேறு; அவனுக்கு இரவில் கோடு தெரியவா போகிறது?

இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி வேர்க்கலப்பை. புல்டோசரின் பின்னால் பூட்டிய கனத்த இரும்பு அலகு தரைக்குக் கீழே ஒன்று, ஒன்றரை அடி ஆழத்தில் ஓடிப் புதர்களின் வேரை அறுத்துப் புரட்டிப் போடும். மேய்ச்சலுக்கு வெளிநாட்டுப் புல் விதைப்பார்கள். பெயோட்டி நிழலுக்கு நம்பியிருந்த சீமைக் கருவை இனப் புதர்களும் போய், கிழங்கும் அறுபட்டு, அந்த நிலத்தில் செடி திரும்ப வருவதில்லை. கள்ள வெட்டில் சில செடி தப்பும். இதில் ஒன்றுகூடத் தப்பாது. மெக்சிகோவில் நிறைய இருக்கிறதே என்றால், அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையும் இரு நாட்டு மருந்துச் சட்டங்களும் சேர்ந்து அந்தக் கதவை அடைத்திருக்கின்றன.

605 ஏக்கர்

2017-ல் பல இனங்களின் சர்ச் அமைப்புகள் சேர்ந்து ‘இண்டிஜினஸ் பெயோட்டி கன்சர்வேஷன் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை உருவாக்கின. அதையொட்டி ரிவர்ஸ்டிக்ஸ் என்ற அறக்கட்டளையின் பணத்தோடு ஜிம் ஹாக் மாவட்டத்தில், ஹெப்ரான்வில் ஊரை அடுத்த பகுதியில், 605 ஏக்கர் வாங்கப்பட்டது. முன்னின்றவர்களில் ஒருவர் ஒக்லாலா லக்கோட்டா இனத்தின் ஆன்மிகத் தலைவர் சாண்டர் அயர்ன் ரோப். வட அமெரிக்க நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்சின் தலைவராக இருந்தவர். நவாஹோ தரப்பிலிருந்து ஸ்டீவன் பெனலி. நவாஹோ மன்றம் 1940-ல் பெயோட்டிக்குத் தானே தடை போட்டு 1967-ல்தான் விலக்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இனத்து ஆள் ஒருவர் இங்கே முன்னே நிற்பதன் அருமை தெரியும்.

அங்கே முதன்மையாக நடப்பது யாத்திரையும் பயிற்சியும். குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து தங்குகின்றன. புகையிலை வைத்துப் பிரார்த்தித்த பிறகு, பெரியவர்கள் காட்டித் தர, மேலே சொன்ன கோட்டில் தங்கள் கையாலேயே வெட்டுகிறார்கள். வியாபாரி அனுப்பும் மூட்டைக்குப் பழகியவர்களுக்கு ஒரு செடியின் முன் மண்டியிட்டு விரலால் மண் ஒதுக்குவதே புது அனுபவம். இரண்டாவது வேலை, பக்கத்துப் பண்ணையார்களோடு பேசி உள்ளே போக அனுமதி வாங்குவது. மூன்றாவது, நாற்றங்கால்.

இந்த நிலமே போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு ஆண்டுச் சுழற்சி என்றால் ஒரு ஆண்டில் வெட்டத் தகுந்தது 605-ல் எட்டில் ஒன்று, அதாவது 75 ஏக்கர் சொச்சம். சர்ச் மக்களின் தேவை ஆண்டுக்குப் பத்து லட்சம் தலை என்று வைத்துக்கொண்டாலும், எந்நேரமும் 80 லட்சம் செடி மண்ணில் நிற்க வேண்டும். அதை 605 ஏக்கரில் அடக்கினால் ஏக்கருக்கு 13,000க்கு மேல். புதர்க்காட்டில் அது நடக்காது. ஆக இந்த நிலத்தை விளைநிலமாகப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. பள்ளிக்கூடமாகவும் விதைக் களஞ்சியமாகவும் பார்த்தால் பொருத்தம். பத்தாயிரம் ஏக்கர் கணக்கில் பண்ணையார்களின் வேலி திறந்தால்தான் தேவைக்கு ஈடு கொடுக்க முடியும். அந்தப் பேச்சுவார்த்தை மெதுவாக நடக்கிற காரியம். பண்ணையாருக்கு மான் வேட்டைக் குத்தகைக்கு இணையாக ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

சட்டத்தின் மிச்சம்

1967-ல் டெக்சஸ் பெயோட்டியைத் தடை செய்தது. மறு ஆண்டு டேவிட் கிளார்க் என்ற நவாஹோ மனிதர்மீது லாரெடோவில் வழக்கு நடந்து, மத உரிமையின் பேரில் விடுவிக்கப்பட்டார். 1969-ல் சர்ச்சுக்கு விலக்கு வந்தது. 1990-ல் ஓரிகன் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் பெயோட்டி உண்பதற்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு இல்லை என்று கைவிரித்தது. 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத் திருத்தம் போட்டு உரிமையைத் திருப்பித் தந்தது. அந்தச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட இனத்தின் உறுப்பினராக இருந்தால் போதும். டெக்சஸ் மாநில விதியோ குறைந்தது 25 விழுக்காடு அமெரிக்க இந்திய (அதாவது பழங்குடி) ரத்தம் கேட்கிறது. கலப்பு மணங்கள் கூடும் காலத்தில், தாத்தாவோடு யாத்திரை வரும் பேரன் இனத்தின் உறுப்பினராக இருந்தும் மாநில விதியின் கணக்கில் நிற்காமல் போகலாம்.

2019-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் இயற்கை மனமாற்றப் பொருள்களின் மீதான காவல் நடவடிக்கையைத் தளர்த்தியபோது பட்டியலில் பெயோட்டிக்கும் இடம் கிடைத்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் வழிபாட்டோடு தொடர்பில்லாத தேவை இதனால் கூடினால் சுமை அந்த நாலு மாவட்டத்தின் மேல்தான் விழும். சர்ச் அமைப்புகள் பகிரங்கமாக எதிர்த்தன. 2022-ல் கொலராடோ வாக்காளர்கள் ஏற்ற சட்டத்தில் பெயோட்டி தனியே விலக்கி வைக்கப்பட்டதற்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம்.

நாற்றங்காலில் தீராத வழக்கு

கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தின் மிகக் கடுமையான முதல் அட்டவணையில் பெயோட்டி இருப்பதால், விதை போட்டு வளர்ப்பதற்கும் போதைப்பொருள் தடுப்பு முகமையின் பதிவு வேண்டும். அது ஒரு தடை. செடியின் வேகம் இன்னொன்று. முதலாண்டில் நாற்று சில மில்லிமீட்டர்தான் இருக்கும். வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டினால் வளர்ச்சி பல மடங்கு கூடும். நாற்றைக் காட்டில் நடும்போது புதரின் நிழலில், சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில், தலை தரைமட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். வெட்டவெளியில் நட்டால் வெயிலில் வெந்துவிடும்.

தொழில்நுட்பத்தில் இவ்வளவும் தீர்க்கக்கூடியவை. கூடாரத்துக்குள் உட்கார்பவர்களின் கேள்வி வேறு. ஒட்டுக்கட்டி, கண்ணாடி வீட்டில், தொட்டியில் வளர்ந்தது மருந்தா? அந்த மண்ணையும் மழையையும் அறியாத செடியை மேடையில் எப்படி வைப்பது என்று மூத்த ரோடுமேன்கள் பலர் கேட்கிறார்கள். நாற்றங்காலில் முளைக்க வைத்து, சில ஆண்டுகளில் காட்டு மண்ணுக்கே திருப்பி, அங்கே முற்றிய பிறகு எடுப்பது என்ற நடுவழியைத்தான் இப்போதைக்குப் பிடித்திருக்கிறார்கள். ஒட்டுச்செடியின் பக்கம் அவர்கள் இன்னும் வரவில்லை.